சென்னைத் தெருவில் கார் பந்தயம்: இருங்காட்டுக்கோட்டை இருக்கும்போது இது ஏன்? நடத்துவதென்றால் எப்படி?

கூவம்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 2024-ல் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 (இளம் ஓட்டுநர்களுக்கான ஆரம்பநிலை ஒற்றை இருக்கைக் கார்) பந்தயம் நடந்ததே, அதைப் பற்றித்தான் கேட்கிறேன். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. நான் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மாதிரி ஒரு ராத்திரியை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும் தினமும் ஸ்கூட்டரில் போகிற வழி, எங்கே பள்ளம், எந்தத் திருப்பத்தில் பஸ் ஒதுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதே ரோட்டில் முதலில் சத்தம் வருகிறது, கான்கிரீட் சுவரில் பட்டுப் பட்டு வருகிறது, அப்புறம் கார் சுவருக்கு ஒரு சாண் விட்டு வளைந்து போய்விடுகிறது, பிரேக் சூட்டு வாடை மட்டும் நம்மிடம் நிற்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒவ்வொரு காராக எண்ணிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் அதற்கு முந்தின நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அந்தச் சனிக்கிழமையும் போக வேண்டிய நாள். ஆட்டோவில் கிளம்பினோம், மூன்று இடத்தில் திருப்பிவிட்டார்கள், நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இருபது நிமிடத்தில் போகிற இடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலை நீட்ட முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். மறுநாள் ராத்திரி நான் ஸ்டாண்டில் கை தட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது.

அதனால் கேட்கிறேன். 40 கிலோமீட்டர் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ஒரு நல்ல டிராக் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஊருக்கு நடுவில் 3.5 கிலோமீட்டருக்கு ரோட்டை அடைத்து நடத்துவதில் அப்படி என்ன இருக்கிறது? இருக்கிறது என்றால், ரோட்டை டிராக்காக மாற்றும்போது உண்மையில் என்னென்ன செய்கிறார்கள், அந்த ரோட்டை நம்பி இருக்கிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

சோழவரம் ரசிகர் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் அப்பா சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து செங்குன்றம் வழியாக சோழவரம் கூட்டிப்போவார். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது, அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் பந்தயம் நடத்தினார்கள். கிராமத்து ஜனம், காலேஜ் பையன்கள், மில் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே வெயிலில் நிற்போம். யார் கார், என்ன இன்ஜின் என்று பக்கத்தில் நிற்கிற ஆளே சொல்லிக்கொடுப்பார். நான் மெக்கானிக் ஆனதே அங்கே கேட்ட பேச்சினால்தான்.

அப்புறம் கிளப்பே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் கட்டியது. அருமையான டிராக், குறையே சொல்ல மாட்டேன். ஓட்டுகிறவனுக்கு அதுதான் சரியான இடம். வழுக்கினால் போய் நிற்கப் புல் இருக்கிறது, சரளை இருக்கிறது. ஆனால் அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே பந்தயம் தெரிந்தவர்கள். புதிதாக ஒரு பையன், ஒரு பெண் தற்செயலாக வந்து பார்ப்பதற்கு வழியே இல்லை. நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர், கருண் சந்தோக் சென்னை. ஃபார்முலா 1 ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் நம் மாநிலம். இருந்தும் நம் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு இருங்காட்டுக்கோட்டை எங்கே என்று தெரியாது. நீங்கள் சொன்ன அந்தச் சின்னப் பெண் காரை எண்ணினாள் இல்லையா, அவள் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்திருப்பாளா?

இன்னொன்று, தனி டிராக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டை எவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள். ஃபார்முலா 1 அங்கே 2011, 2012, 2013 என்று மூன்றே வருடம்தான் வந்தது. வரிப் பிரச்சினையில் நின்றது, நின்றதுதான்.

அதற்காகத் தெருப் பந்தயம் லேசான விஷயம் என்று சொல்லவில்லை. தெருவில் தப்புக்கு இடம் கிடையாது, சுவர்தான். அம்மா பட்ட கஷ்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதை நடத்துகிறவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

காலாங் மார்ஷல் எழுதியது:

நான் சிங்கப்பூர். வேலை வேறு, ஆனால் செப்டம்பரோ அக்டோபரோ, பந்தயம் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே மரினா பேயில் நடக்கிற ஃபார்முலா 1 பந்தயத்தில் மார்ஷலாக (டிராக் ஓரம் நின்று பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறவர்) நிற்பேன், பல வருடமாகத் தொண்டூழியம். அதனால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

இங்கே முதல் பந்தயம் 2008 செப்டம்பர் 28. ஃபார்முலா 1-ல் அதுதான் முதல் இரவுப் பந்தயம். டிவியில் பார்க்கிறவர்களுக்கு மூன்று நாள் திருவிழா. ஆனால் வேலை சில மாதங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். முதலில் விளக்குக் கம்பங்கள் வரும், அப்புறம் ரோட்டோரமாகக் கான்கிரீட் கட்டைகள், அதன்மேல் கம்பி வலை. பகலில் போக்குவரத்து ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரியில்தான் வேலை. பந்தய வாரத்தில் புதன்கிழமையிலிருந்து சாலைகளைப் படிப்படியாக மூடுவார்கள், ஞாயிறு இரவு கொடி விழுந்ததும் கழற்ற ஆரம்பித்து, சாலைகளைப் படிப்படியாகத் திறந்துவிடுவார்கள். மொனாக்கோவில் இன்னும் கடினம். அங்கே கட்ட ஆறு வாரம், கழற்ற மூன்று வாரம் என்று சொல்வார்கள். 1929-லிருந்து செய்கிறவர்களுக்கே அவ்வளவு காலம் தேவைப்படுகிறது.

கிட்டே நின்றால் தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் ரோடு வழுக்கும். நேற்றுவரை பஸ்ஸும் லாரியும் ஓடிய ரோடு, எண்ணெய், மண், தூசி எல்லாம் இருக்கும். கார் ஓட ஓட ரப்பர் ஒட்டி, ஞாயிறு வரும்போது நடு ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டை விட்டு வெளியே டயர் பிய்த்துப் போட்ட ரப்பர்த் துணுக்குகள் கோலிக்குண்டு மாதிரி சிதறிக் கிடக்கும், இடைவேளையில் நாங்கள் துடைப்பத்தோடு இறங்கிக் கூட்டுவோம். ராத்திரி பத்து மணிக்கும் ரோட்டிலிருந்து சூடு காலணி வழியாக ஏறும். ஓட்டுநர்கள் ஒரே பந்தயத்தில் வேர்த்து மூன்று கிலோ வரை குறைவதாகச் சொல்வார்கள்.

மழை வந்தால் அதுதான் பெரிய சோதனை. 2022 அக்டோபரில் மழையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத்தான் பந்தயம் தொடங்கியது. பகல் என்றால் வெயில் காய வைக்கும், ராத்திரியில் தண்ணீர் லேசில் போகாது. சென்னையிலும் ஆகஸ்ட் 31 அன்று மழை, எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) தருகிற டிராக் சான்று வரத் தாமதம், உயர் நீதிமன்றம் நேரத்தை நீட்டித்துக் கொடுத்தது என்று படித்தபோது அந்த டிராக்கில் நின்றிருந்த மார்ஷல்களை நினைத்துக்கொண்டேன். சான்று இல்லாமல் ஓட்ட மாட்டோம் என்று நின்றது சரியான காரியம்தான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்ப வருடங்களில் இங்கே ஒரு பந்தயத்துக்கு ஏறத்தாழ 15 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவு, அதில் 60 விழுக்காடு அரசாங்கம் போட்டது. ஆனால் பந்தயத்தால் அறை வாடகை ஏறி லாபம் பார்க்கிற ஹோட்டல்களிடம் தனியாக வரி வசூலித்தார்கள், டிராக்கை ஒட்டிய ஹோட்டல் என்றால் முதலில் அறை வருமானத்தில் 30 விழுக்காடு, மற்றவற்றுக்கு 20. யாருக்கு வருமானமோ அவர்கள் கொடுக்கட்டும் என்பது எனக்கு நியாயமாகப் பட்டது. அதே வட்டாரத்துச் சின்னக் கடைகள் அந்த வாரம் வியாபாரம் போச்சு என்று குறைப்பட்டதும் உண்மை.

தார்ரோடு எழுதியது:

நான் சாலை வேலை பார்க்கிறவன். பந்தய ரசிகன் இல்லை. ஆனால் இரண்டாவது கேள்வி என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எல்லோரும் மேலே இருக்கிற விளக்கையும் சுவரையும் பார்க்கிறார்கள். சிக்கல் கீழே இருக்கிறது. நகரத்து ரோடு என்பது ஒரு மூடிதான் சார். அடியில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மின்சாரக் கேபிள், டெலிபோன் கேபிள், எல்லாவற்றுக்கும் ரோட்டில் ஒரு வாய் இருக்கும். அந்த வாய்க்கு இரும்பு மூடி. லாரி போனால் அந்த மூடி கீழே அழுந்தும். பந்தயக் கார் நேர் எதிர். தரையை ஒட்டிப் போகும்போது காருக்கு அடியில் காற்றழுத்தம் குறைந்து மூடியை மேலே இழுக்கும்.

2023 நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்தது இதுதான். அத்தனை செலவு செய்த பந்தயம், முதல் பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தண்ணீர் வால்வு மூடி ஒன்று கிளம்பி கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய ஃபெராரியின் அடிப்பாகத்தைக் கிழித்துவிட்டது. பயிற்சியை நிறுத்தி, மற்ற மூடிகளையெல்லாம் பார்த்துச் சரிசெய்து, இரண்டாவது பயிற்சி அதிகாலை 2.30-க்குத் தொடங்கியது. அதற்குள் ரசிகர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சைன்ஸ் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனாலும் புதுப் பேட்டரி மாற்றியதற்காகப் பந்தயம் தொடங்கும் வரிசையில் பத்து இடம் பின்னால் தள்ளினார்கள். 2019-ல் அசர்பைஜானின் பாக்கூவிலும் ஜார்ஜ் ரஸலின் காருக்கு இதே கதி. உடைந்த காரை ஏற்றி வந்த லாரியின் கிரேன் வேறு பாலத்தில் இடித்துக்கொண்டது.

அதனால் டிராக்கில் வருகிற ஒவ்வொரு மூடியையும் வெல்டு வைக்க வேண்டும், இல்லை போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும், இல்லை எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும். மூடியைச் சுற்றியிருக்கிற கான்கிரீட் சட்டமும் பலமாக இருக்க வேண்டும், சட்டம் விட்டுப்போனால் வெல்டு மட்டும் என்ன செய்யும்?

இனி நம் ஊருக்கு வருவோம். ஆகஸ்ட், செப்டம்பர் என்பது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வடிகால்களைத் தூர்வாருகிற காலம். அந்த நேரத்தில் மூடியை அடைத்தால் பந்தயம் முடிந்த கையோடு ஒவ்வொன்றையும் திறந்தாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் அக்டோபரில் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும். முதலில் 2023 டிசம்பர் 9, 10 என்று தேதி வைத்திருந்தார்கள், மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றது, தள்ளிவைத்தார்கள். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியோ பிப்ரவரியோதான் சரி. மழை இல்லை, வெயிலும் ஏறவில்லை.

அடுத்து ரோட்டின் சரிவு. நம் ரோடு நடுவில் மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் இருக்கும், தண்ணீர் வடிய. கார் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வளைவில் வெட்டிப் போகும்போது அந்த மேட்டில் அடி தட்டும். ஜீப்ரா கோட்டுப் பெயிண்டு நனைந்தால் சோப்பு மாதிரி. பழைய தாரைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டால்தான் ஒரே மட்டம் வரும். மேலேயே இன்னொரு அடுக்கு போட்டால் ரோடு உயர்ந்து பக்கத்துக் கடைக்குள் தண்ணீர் போகும், இது சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

சுவரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.5 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் என்றால் 7 கிலோமீட்டர். ஒரு கட்டை 4 மீட்டர் என்று வைத்தால் 1,750 கட்டை. ஒவ்வொன்றையும் கிரேன் வைத்துத்தான் இறக்க வேண்டும், கிரேன் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ரோடு மூடியிருப்பது பந்தய நேரத்துக்காக மட்டும் இல்லை, இந்தக் கிரேன்களுக்காகவும்தான்.

செய்ய முடியாத வேலை இல்லை. ஒழுங்காகச் செய்தால் ஊருக்கு மிச்சமாவது நல்ல ரோடு. ஆனால் எந்த மூடி எங்கே அடைத்தது, எந்தத் தேதியில் திறந்தது என்று ஒரு வரைபடம் பொதுவில் வைக்க வேண்டும். நான் பிடிவாதமாகக் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

இரவுப்பணி எழுதியது:

நான் நர்ஸ். எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை, அந்த வட்டாரம்தான். அந்த இரண்டு ராத்திரியில் ஒரு ராத்திரி எனக்கு டியூட்டி.

சத்தத்தைப் பற்றி முன்பே வழக்கு நடந்தது. டிராக்குக்குப் பக்கத்தில் ஓமந்தூரார் மருத்துவமனையும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன என்று வழக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது, சத்தத்தைக் குறைக்கவும் ஏற்பாடு செய்யச் சொன்னது.

வார்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சத்தம் எவ்வளவு என்பதைவிட எப்போது வரும் என்று தெரியாததுதான் கஷ்டமாக இருந்தது. ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள் ஒரு பாட்டி, ஒவ்வொரு தடவையும் கண் விழித்து "என்னம்மா அது?" என்று கேட்பார். நான் "கார் ரேஸ் பாட்டி, இப்ப முடிஞ்சிரும்" என்பேன். எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது தடவை கேட்டபோது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மட்டும் ஒரு தாளில், இத்தனை மணிக்குத் தொடங்கும், இத்தனை மணிக்கு நிற்கும், தாமதமானால் இந்த எண்ணில் சொல்வோம் என்று கொடுத்திருந்தால் தூக்க மாத்திரை கொடுக்கிற நேரத்தையே டாக்டரிடம் கேட்டு மாற்றியிருக்கலாம். சிலருக்குக் காதில் பஞ்சு வைத்திருக்கலாம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: டயாலிசிஸ் நோயாளிக்குத் தேதி முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு சென்டரிலும் பட்டியல் இருக்கிறது. அந்த இரண்டு நாளுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களின் வண்டிக்கு ஒரு பாஸ், ஒரு தனி வழி கொடுப்பது பெரிய வேலையே இல்லை. ஆம்புலன்ஸுக்கு வழி விடுவார்கள், ஆட்டோவில் வருகிற நோயாளியைத்தான் யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை.

ஹுசைன்சாகர் எழுதியது:

ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் வேலூர். இங்கே 2023 பிப்ரவரி 11 அன்று ஃபார்முலா ஈ நடந்தது, ஏரியை ஒட்டி 2.8 கிலோமீட்டர் டிராக். ஜான் எரிக் வெர்ன் ஜெயித்தார். மின்சாரக் கார் என்பதால் சத்தம் ஒரு விசில் மாதிரிதான் இருந்தது, நர்ஸ் அக்கா சொன்ன பிரச்சினைக்கு அது ஒரு வழி. ஆனால் டிராஃபிக் தொல்லை இதே மாதிரிதான், அதில் மின்சாரமும் பெட்ரோலும் ஒன்று. அதே வருடம் டிசம்பரில் மாநிலத்தில் ஆட்சி மாறியது, 2024 பந்தயம் ரத்தானது. அவ்வளவு ஏற்பாடும் செய்து ஃபார்முலா ஈ ஒரே ஒரு தடவையோடு நின்றுபோனதே என்று நினைத்தால் மனசு வலிக்கிறது. ஆட்சி மாறினாலும் நிற்காத மாதிரி ஒப்பந்தம் போட முடியாவிட்டால் ஆரம்பிக்காமலே இருக்கலாம் என்பது என் கருத்து.

கூவம்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சோழவரம் அண்ணா, உங்கள் பதிலைப் படித்த பிறகு தெருவில் நடத்துவதே தப்பு என்கிற எண்ணம் எனக்குப் போய்விட்டது. அந்தப் பெண் குழந்தை இருங்காட்டுக்கோட்டைக்கு வந்திருக்க மாட்டாள், அது நிச்சயம். தார்ரோடு சார், இன்று காலையில் வேலைக்குப் போகும்போது சிவானந்தா சாலையில் மூடிகளைப் பார்த்துக்கொண்டே போனேன். பதினைந்து வருடமாகப் போகிற ரோடு, இத்தனை மூடி இருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

மார்ஷல் அண்ணா, ஒரு சந்தேகம். அங்கே ரோடு மூடுவது வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியவரும்?

காலாங் மார்ஷல் எழுதியது:

பல நாள் முன்பே நாளிதழில், இணையத்தில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் வந்துவிடும். எந்தச் சாலை எந்த மணிக்கு மூடும், எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்காது, நடந்து போக எந்த வழி என்று தெருவாரியாக இருக்கும். எம்.ஆர்.டி. (இங்கத்து மெட்ரோ ரயில்) ஓடிக்கொண்டே இருக்கும், அது பெரிய வசதி. சென்னையிலும் அந்தப் பக்கம் மெட்ரோவும் பறக்கும் ரயிலும் இருக்கின்றனவே, இரவு வண்டியைக் கூடுதல் நேரம் ஓட்டினாலே பாதி பாரம் குறையும். டிராக்குக்கு உள்ளே மாட்டிக்கொள்கிற கட்டடங்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு, யாரையும் உள்ளே அடைத்துவைப்பதில்லை.

கூவம்கரை எழுதியது:

புரிந்தது அண்ணா. மறுபடி இங்கே நடக்கும் என்று பேச்சு வந்தால் எங்கள் தெருக்காரர்கள் சார்பாக ஒரு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மூடி வரைபடம், தேதியைப் பிப்ரவரிக்கு மாற்றுவது, மருத்துவமனைகளுக்கு மணி வாரியாக அட்டவணை, நோயாளி வண்டிக்கு பாஸ், கேட்டால் பதில் சொல்ல ஒரு ஃபோன் எண். எழுதியதை இங்கே போடுகிறேன், விட்டுப்போனதைச் சொல்லுங்கள். நர்ஸ் அக்கா, நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

போடுங்கள் தம்பி, டியூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன். பாஸ் டயாலிசிஸுக்கு மட்டும் வேண்டாம், கீமோவுக்கு வருகிறவர்களையும் மாதம் நிறைந்த கர்ப்பிணிகளையும் சேர்த்து எழுதுங்கள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?